பொங்கல் இலைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறக்கும் வாரத்தில் கரும்பு, இலையோடு மஞ்சள் கொத்து, பச்சை மொச்சை இவற்றோடு சென்னைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வெல்லப்பாகில் புரட்டுகிறவர்கள் உண்டு, எண்ணெயில் பொரிக்கிறவர்கள் உண்டு, பல காய்க் குழம்பில் நாலு துண்டு போட்டுவிட்டு மீதியை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அதையே பண்டிகை இலையில், உடம்புக்கு ஒத்துக்கொள்கிற ஒரு கறியாக வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. அளவுகள் எல்லாம் ஆறு பேர் உட்காரும் பந்திக்கு.

கிழங்கே நல்லதுதானே, அதில் ஆரோக்கியமான கறி என்று தனியாக என்ன இருக்கிறது?

கிழங்கு நல்லதுதான். 100 கிராமில் ஏறக்குறைய 90 முதல் 110 கலோரி, மூன்று கிராம் அளவுக்கு நார்ச்சத்து, கணிசமான பொட்டாசியம், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். கெடுவது வாணலியில்தான். அரைக் கிலோ கிழங்குக்கு 100 கிராம் வெல்லமும் இரண்டு குழிக்கரண்டி நெய்யும் ஊற்றினால் கிழங்கின் கலோரியைவிட மேலே போட்டதன் கலோரி அதிகமாகிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொங்கலன்று இலையில் சர்க்கரைப் பொங்கல் கட்டாயம் இருக்கும். ஒரு கப் அரிசி-பருப்புக்கு ஒன்றரைக் கப் வெல்லம் போட்டு ஆறு பேர் பங்கிட்டால் ஆளுக்குக் கால் கப் வெல்லம், அதாவது 40 கிராமுக்கும் மேல். ஒரு நாளைக்கு மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். ஒரு கரண்டிப் பொங்கலே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பாயசமும் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் என் கட்சி இதுதான்: இனிப்புக்கு இலையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது; கிழங்கை உப்பு, புளி, காரத்தின் பக்கம் கொண்டுபோங்கள். அதன் சொந்த இனிப்பு அங்கேதான் எடுபடும்.

அப்படியானால் பொரியலுக்குப் பதிலாக இதை வைத்துவிடலாமா?

கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார அமைப்பு, அந்தக் கணக்கில் உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளைச் சேர்க்காதீர்கள் என்று குறிப்பிட்டே சொல்கிறது. இது காய் அல்ல, சோற்றுக் கணக்கு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. கிழங்கில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, நார்ச்சத்து மட்டும் அதிகம். ஆகவே இலையில் ஒரு கரண்டி கிழங்கு விழுந்தால் சோற்றில் அரைக் கரண்டியாவது குறையட்டும். அவரைக்காய்ப் பொரியல், கீரை மசியல், வெள்ளரிப் பச்சடி இவற்றில் எதையும் எடுத்துவிடாதீர்கள்.

சரி, எந்தக் கறி? அளவோடு சொல்லுங்கள்.

என் தேர்வு சர்க்கரைவள்ளி, பச்சை மொச்சைப் பிரட்டல். இரண்டுக்கும் ஒரே பருவம், ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும்.

கிழங்கு அரைக் கிலோ, உரித்த பச்சை மொச்சை ஒரு கப். நெல்லிக்காயில் பாதி அளவு புளி. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. படையலுக்கு வெங்காயம் சேர்க்காத வீடுகளில் அதை விட்டுவிடலாம், குறையொன்றும் தெரியாது. பொடிக்கு: தனியா இரண்டு டீஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு டீஸ்பூன், காய்ந்த மிளகாய் நான்கு, மிளகு அரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன். தாளிக்க நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன்.

மொச்சையைத் தனியாக, தண்ணீர் முழுக விட்டு வேகவையுங்கள். நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும். தோல் மட்டும் வெந்து உள்ளே வெடுக்கென்று இருந்தால் போதாது. கிழங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலோடு கட்டை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி இட்லித் தட்டில் பரப்புங்கள். எட்டு, பத்து நிமிட ஆவி போதும். கத்தி முனையை இறக்கினால் கடைசியில் கொஞ்சம் தடுக்க வேண்டும், அந்தப் பதத்தில் எடுத்துவிடுங்கள்.

பொடிக்கான சாமான்களை எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுக்க வேண்டும். தேங்காயைக் கடைசியில் போட்டு, ஓரம் சிவந்ததும் இறக்கி, ஆறியபின் கொரகொரவென்று பொடிக்கவும். இந்தக் கொரகொரப்பு முக்கியம். நைசாக அரைத்தால் கறி களி மாதிரி ஆகிவிடும். கொரகொரப்பாக இருந்தால் பொடி கிழங்கின் மேல் ஒட்டி, கடிக்கும்போது தனியாகத் தெரியும்.

அகலமான வாணலியில் தாளித்து, வெங்காயத்தை வதக்கி, கெட்டியாகக் கரைத்த புளியை விட்டு, மஞ்சளும் உப்பும் சேருங்கள். பச்சை வாசனை போனதும் மொச்சை, பிறகு கிழங்கு. கரண்டியால் கிளறாமல் வாணலியின் இரு காதையும் பிடித்துக் குலுக்கிப் புரட்டுங்கள். புளித்தண்ணீர் வற்றி, கிழங்கின் ஓரங்கள் பளபளப்பாகும்போது பொடியைத் தூவி இரண்டு புரட்டு, அவ்வளவுதான்.

ஒரு பங்கு தோராயமாக 140, 150 கலோரிக்குள் வரும். எண்ணெய் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன்தானா என்று கேட்காதீர்கள். கிழங்கு முன்பே வெந்துவிட்டதால் எண்ணெய்க்கு இங்கே மணம் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பச்சை மொச்சை கிடைக்கவில்லை என்றால்?

காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு குக்கரில் வேகவைக்கலாம். நேரம் இருப்பவர்கள் ஊறிய மொச்சையை இரு விரலால் பிதுக்கித் தோலை நீக்கிவிடுங்கள், அதுதான் பிதுக்கம்பருப்பு. வட தமிழ்நாட்டு வீடுகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. சீக்கிரம் வேகும், வயிற்றுக்கும் லேசு. பிதுக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டால் பாதிப் பருப்பு கூடத்தின் மறுமூலையில் கிடக்கும், அது வேறு கதை.

கறுப்புக் கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப் பட்டாணி எதுவும் சரி. கிழங்கில் புரதம் மிகக் குறைவு என்பதால் ஏதாவது ஒரு பயறு கூட இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

எனக்கு எப்போதும் கிழங்கு குழைந்து கூழாகிவிடுகிறது. என்ன செய்வது?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். குக்கரில் நறுக்கிப் போட்டிருப்பீர்கள். நறுக்கிய துண்டுகளுக்குக் குக்கர் வேண்டவே வேண்டாம். அல்லது வெந்ததை மூடி போட்டே வைத்திருப்பீர்கள். சூட்டிலேயே அது தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும், தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். மூன்றாவது, புளியின் வேலை தெரியாமல் விட்டது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் காய்களின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, துண்டு உருக்குலையாமல் நிற்கும். தண்ணீரில் வேகவைப்பவர்கள் முக்கால் பதம் வந்ததும் ஒரு ஸ்பூன் புளிக்கரைசல் விட்டால் துண்டு துண்டாகவே இருக்கும். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் அரை மணி நேரம் ஆனாலும் நடுவில் கட்டை தட்டும். பல காய்க் குழம்பில் கிழங்கு சில சமயம் வேகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்: வேகவைத்த பிறகு புளித்தண்ணீரில் சேருங்கள்.

வெல்லம் துளிகூடப் போடாமல் இனிப்பைக் கூட்ட முடியுமா?

முடியும், அடுப்புத் தீயை வைத்தே. சர்க்கரைவள்ளியில் பீட்டா-அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. சுமார் 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் அது கிழங்கின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். அதற்கு மேல் சூடு ஏறினால் நொதி செத்துவிடும். முழுக் கிழங்கைத் தோலோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றினால் நொதிக்கு நிறைய நேரம் கிடைக்கும், கிழங்கு தேனாக இருக்கும். நறுக்கிக் கொதிநீரிலோ ஆவியிலோ போட்டால் நேரமே கிடைக்காது, இனிப்பு மட்டாக இருக்கும். கணப்பில் புதைத்துச் சுட்ட கிழங்கு அவ்வளவு இனிப்பதற்கும் இந்த மெதுவான சூடுதான் காரணம்.

குழந்தைகளுக்கு மாலைச் சிற்றுண்டியாக வெறும் கிழங்கு கொடுப்பதென்றால் முதல் வழி. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக் கறிக்கு இரண்டாவது வழி.

சர்க்கரை நோய் இருக்கிறது. தொடலாமா?

பேரைப் பார்த்துப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், "கிழங்கு சர்க்கரையை ஏற்றாது" என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஒரு தட்டு சாப்பிடவும் வேண்டாம். சமைக்கும் முறையைப் பொறுத்து இந்தக் கிழங்கின் குணமே மாறுகிறது. ஜமைக்காவில் விளையும் பத்து ரகங்களை எடுத்துச் சோதித்த ஆய்வில், வேகவைத்ததற்குக் கிளைசெமிக் குறியீடு (சாப்பிட்டது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்) 41 முதல் 50 வரை. பொரித்ததற்கு 63 முதல் 77. அவன் (oven) அடுப்பில் வைத்தோ தீயில் சுட்டோ சாப்பிட்டால் 79 முதல் 94 வரை. கிழங்கு அதேதான், ஆனால் ஒன்று மிதமான உணவு, இன்னொன்று வெள்ளைச் சோற்றோடு போட்டி போடும் உணவு. நம் ஊர் ரகத்துக்கு எண்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வேகவைத்தது மேல் என்ற திசையை எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில்: நாலைந்து துண்டு, மொச்சையோடு, முதலில் பொரியலும் பச்சடியும் சாப்பிட்ட பிறகு. சோற்றைக் குறைத்து. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அன்றைக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். பண்டிகை மதியம் அதற்குரிய நேரமல்ல.

வெல்லத்துக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன்?

எல்லாம் சர்க்கரைதான். சுவைக்காகப் போடுங்கள், சத்துக்காகப் போடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ கொட்டிக்கிடக்கிறது என்கிறார்களே?

எந்தக் கிழங்கில் என்று கேட்க வேண்டும். இணையத்தில் சுற்றும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் விற்கும் ஆரஞ்சுச் சதைக் கிழங்கைப் பற்றியவை. அதில் 100 கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்கும் மேல் பீட்டா கரோட்டின் உண்டு, உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். நம் தள்ளுவண்டியில் குவிந்திருப்பது வெளியே சிவப்புத் தோல், வெட்டினால் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் சதை. அதில் கரோட்டின் சொற்பம். தோலின் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, சதையின் நிறம்தான் கணக்கு.

ஆரஞ்சுச் சதை ரகங்கள் இந்தியாவிலும் உண்டு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா என்ற ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் வரை பீட்டா கரோட்டின் இருக்கிறது. அதே நிறுவனத்தின் பூ கிருஷ்ணா ஊதாச் சதை ரகம். நாவல்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்தான் அதற்கும் நிறம் தருகிறது. ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டை ஆரஞ்சுச் சதைக் கிழங்கால் குறைக்கப் பாடுபட்ட மரியா அந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு, ஹோவார்த் பூயிஸுடன் சேர்த்து 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரு கிழங்குக்காக இவ்வளவு பெரிய பரிசு என்பதே சுவாரசியமான செய்தி.

சென்னையில் பெரிய காய்கறிக் கடைகளில் ஆரஞ்சுச் சதைக் கிழங்கு கண்ணில் பட்டால் வாங்குங்கள். கொஞ்சம் ஈரப்பதம் அதிகம், சீக்கிரம் குழையும், அதனால் ஆவியில் இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். நம் பிரட்டலில் இருக்கும் எண்ணெயும் தேங்காயும் அதற்குப் போதும். கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். அதே இலையில் பரங்கிக்காயும் முருங்கைக்கீரையும் இருந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து எடுப்பது?

மொத்தமாக என்றால் கோயம்பேடு. பொங்கலுக்கு முன் அங்கே போடும் சிறப்புச் சந்தையில் கரும்பு, மஞ்சள், இஞ்சிக் கொத்தோடு கிழங்கும் வரும். ஆனால் அரைக் கிலோவுக்காக அந்தக் கூட்டத்தில் போய் இடிபட வேண்டியதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகள், திருவல்லிக்கேணி ஜாம்பஜார், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, அதுவும் இல்லையென்றால் தெருமுனைத் தள்ளுவண்டி.

குண்டான கிழங்கை விடுங்கள், நார் ஓடியிருக்கும். முனை குறுகி நடு பருத்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் எடுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒரே நேரத்தில் வேகும். கையில் வாங்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். மண் ஒட்டியிருப்பது நல்ல அடையாளம்தான். கழுவிப் பளபளவென்று அடுக்கியது சீக்கிரம் கெடும். ஊசி குத்தியது போன்ற சிறு ஓட்டைகள் இருந்தால் விலை எவ்வளவு மலிவென்றாலும் வாங்க வேண்டாம்.

ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாதா?

போதாது. அது கூன்வண்டின் வேலை. வண்டு துளைத்த கிழங்கும் பூசணம் பிடித்த கிழங்கும் தற்காப்புக்காகக் கசப்பான நச்சுப்பொருள்களைச் சுரக்கும். அவை கெட்ட இடத்தோடு நிற்பதில்லை, வேகவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கிழங்கை முழுதாக எறிந்துவிடுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் போடலாமே என்றும் நினைக்காதீர்கள். பூசணம் பிடித்த சர்க்கரைவள்ளி மாடுகளின் நுரையீரலைப் பாதிக்கும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பச்சைக் கிழங்கை வைக்கக் கூடாது. 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் நடுப்பகுதி இறுகிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் கட்டிதான். கழுவாமல், காற்றாடும் கூடையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெந்ததை ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

தோலோடு சாப்பிடலாமா? நறுக்கும்போது கையெல்லாம் பிசுபிசுக்கிறதே?

தாராளமாகச் சாப்பிடலாம். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் மண் போய்விடும். கறுத்த திட்டு, வேர் முடிச்சு இருக்கும் இடத்தை மட்டும் சீவிவிடுங்கள். பிசுபிசுப்பு கிழங்கிலிருந்து வடியும் பால். கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினால் ஒட்டாது. நறுக்கியதை உடனே தண்ணீரில் போட்டால் கறுக்காது.

வறுவல்தான் வேண்டும் என்கிறார்கள் வீட்டில். ஏர் ஃப்ரையர் நல்லதா?

எண்ணெய்க் கணக்கில் நல்லது. அரைக் கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்புத்தூள், ஒரு ஸ்பூன் அரிசிமாவு பிசிறி, 190 டிகிரியில் கால் மணி நேரம், நடுவில் ஒரு குலுக்கல். ஆனால் இரண்டு விஷயம். சுட்ட கிழங்கின் குறியீடு மேலே சொன்னபடி அதிகம். அப்புறம், நிறம். மாவுச்சத்துப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற உடம்புக்கு ஆகாத பொருள் உருவாகும், கருகக் கருக அது கூடும். பொன்னிறத்தில் எடுங்கள், காபி நிறத்துக்கு விடாதீர்கள்.

கருவி இல்லாதவர்கள் முக்கால் பதம் வேகவைத்து, பழகிய இரும்புத் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் இரு புறமும் முறுகவிடலாம். எனக்குக் கேட்டால் இதுதான் ஏர் ஃப்ரையரைவிட ருசி.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள்?

பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் இதைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது.

வாயுத் தொல்லை வருமே?

பெரும்பாலும் பழி கிழங்குக்கு, குற்றம் மொச்சைக்கு. மொச்சை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பெருங்காயம் தாராளமாக, தாளிப்பில் ஒரு துண்டு இஞ்சி. வடையும் அப்பளமும் சேர்ந்த பண்டிகை மதியத்தில் எது வாயு என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

அமெரிக்காவில் இருக்கும் மகள், அங்கே நவம்பர் விருந்துக்கு இதையே மார்ஷ்மெல்லோ போட்டுச் செய்கிறார்கள் என்கிறாள். அதை எப்படி லேசாக்குவது?

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் நாள் விருந்து அது. ஆரஞ்சுக் கிழங்கை மசித்து, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கலந்து, மேலே மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற சர்க்கரை மிட்டாயைப் பரப்பி அவனில் வைப்பார்கள். 1917-இல் ஒரு மார்ஷ்மெல்லோ கம்பெனி தன் சரக்கை விற்க வெளியிட்ட சமையல் கையேட்டிலிருந்து பரவிய பழக்கம் என்கிறார்கள். நூறு வருஷத்தில் விளம்பரம் பாரம்பரியமாகிவிட்டது.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆரஞ்சுக் கிழங்கை முழுதாக, தோலோடு மெதுவாக வேகவைத்து மசித்தால் சர்க்கரையே தேவைப்படாது. வெண்ணெய்க்குப் பதில் கால் கப் தேங்காய்ப்பால், ஏலக்காய், சுக்குத்தூள், சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஆரஞ்சுப் பழச்சாறு. மேலே மார்ஷ்மெல்லோவுக்குப் பதிலாக, வறுத்து உடைத்த வேர்க்கடலையோ அங்கே கிடைக்கும் பீக்கன் பருப்போ தூவி அவனில் கால் மணி நேரம். பந்தியில் ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். விருந்தாளிகளில் சிலர் மார்ஷ்மெல்லோ எங்கே என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணியோடு வைப்பதானால்?

அதற்குப் பிரட்டல் ஒத்துவராது. வேகவைத்து ஆறிய கிழங்கைச் சதுரமாக நறுக்கி, கெட்டித் தயிர், பச்சை மிளகாய், கொத்தமல்லி, வறுத்த சீரகத்தூள் சேர்த்துப் பச்சடியாகச் செய்யுங்கள். பிரியாணிக்கு அந்த லேசான இனிப்பு நன்றாகப் பொருந்தும். குளிர்ந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறிவிடுவதால் சர்க்கரை ஏறுவதும் சற்று நிதானமாக இருக்கும்.

மாமியார் வெல்லம் போட்டே ஆக வேண்டும் என்கிறார். என்ன செய்ய?

போடுங்கள். பண்டிகை நாளில் அடுப்படியில் சண்டை வேண்டாம். கிழங்கைக் குழைய வேகவைக்காமல், மேலே சொன்ன மெதுவான முறையில் இனிப்பை ஏற்றிக்கொண்டு, ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு டேபிள்ஸ்பூன் வெல்லத்தூளில் ஏலக்காயும் தேங்காயும் தூவிப் புரட்டினால், "போட்டிருக்கிறாய் அல்லவா?" என்று கேட்டால் "போட்டிருக்கிறேன் அத்தை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். சர்க்கரைப் பொங்கலில் அந்த இரண்டு ஸ்பூனைக் குறைத்துவிட்டால் கணக்கும் சரியாகிவிடும்.

எவ்வளவு முன்னாடியே செய்துவைக்கலாம்? மிச்சம் ஆனால்?

போகி அன்று மாலையே மொச்சையை உரித்து, பொடியை அரைத்து, கிழங்கை ஆவியில் வைத்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பொங்கல் காலையில் தாளித்துப் புரட்டப் பத்து நிமிடம். ஆறிய துண்டுகள் உடையவும் உடையாது, ஆகவே அப்படிச் செய்வதே மேல். தேங்காய் சேர்ந்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். தை மாதமானாலும் இது சென்னை.

மிச்சமான பிரட்டலை மறுநாள் மசித்து, வேகவைத்து ஒட்டப் பிழிந்த கீரை, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு சேர்த்துத் தட்டி, தோசைக்கல்லில் அடையாகப் போடலாம். மீந்துபோன பல காய்க் குழம்பைச் சுண்டவைத்து அதற்குத் தொட்டுக்கொண்டால் மாட்டுப் பொங்கல் காலைக்கு வேறு பலகாரம் வேண்டாம்.

காணும் பொங்கலுக்கு மெரினாவுக்குக் கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், தேங்காயும் வெங்காயமும் இல்லாமல். வேகவைத்த கிழங்கைத் துண்டாக்கி, உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை பிழிந்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சூடு முழுதும் ஆறியபின் டப்பாவில் மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து ஊசிப்போகும். கடற்கரைக் காற்றில் மணல் பறக்கும், அதனால் வாயகன்ற பாத்திரம் வேண்டாம், ஆளுக்கொரு சின்ன டப்பாவாகக் கட்டுங்கள். நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.